உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பூசை

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

ரேஷனில் பாமாயில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கோயில் வாசலில் ஒதுங்கினேன். மழைக்கு ஒதுங்கியவன் என்று மாதாவுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் வந்ததற்கு ஒரு ஜெபமாலை சொன்னேன்.

முன்பெல்லாம் ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு நச்சரிப்பு. அன்புவைப் போன் பண்ண வை, சுதாவைப் பேச வை, இந்த மாசத்துக்குள் வை. வேலைக்காரரை விரட்டுவதுபோல ஆண்டவரை விரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதெல்லாம் இல்லை. என் பையன் நன்றாக இருக்கட்டும், என் பெண் நன்றாக இருக்கட்டும், அவ்வளவுதான். கேட்பதை விட்டதும் நெஞ்சு இத்தனை லேசாகும் என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை.

மழை விட்டதும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி தெரிந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. அத்தனை பாறையும் ஒன்றன்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் உருண்டு வரவில்லை. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? வெறும் பையோடு வாய் பிளந்து நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

அக்டோபர் 11

சுதாவுக்குப் பிறந்தநாள். போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆனால் ரிங் போனது! போன வருஷம் அதுவும் போகவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஆதிமூலத்தின் பேத்திக்குத் தொண்டூரில் காது குத்தல். நான் கண்டக்டராக இருந்தபோது என் பஸ்ஸுக்கு அவன்தான் டிரைவர். சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் பாறைப் பக்கம் நடந்தோம். அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலை வைக்கிற இடத்தை மட்டும் தலையணை மாதிரி லேசாக உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒன்றில் நீட்டிப் படுத்தேன்.

"யோவ், இன்னா பண்ற? முதுகு புடிச்சிக்கப் போவுது, எந்திரி" என்றான்.

எழுந்திருக்க மனசு வரவில்லை. வீடு வேண்டாம், பெண்டு பிள்ளை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே படுத்தார்கள். நானோ எல்லாம் வேண்டும் வேண்டும் என்று கிடந்தவன். பிள்ளைகள்தான் என்னை வேண்டாம் என்று போய்விட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் இதே கல் பொருந்துகிறது! உடம்பு சிலிர்த்தது. படுத்தபடியே சிலுவை அடையாளம் போட்டு, அன்புவுக்கும் சுதாவுக்கும் ஜெபம் சொன்னேன். முனிவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆதிமூலம் சொன்னதுதான் நடந்தது. முதுகு பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்ததும் கல்லறைத் திருநாளுக்குப் பேர் கொடுக்க நின்றேன். பாட்டுக்குழுப் பெண் அனு செல்லில் தட்டிக்கொண்டிருந்தது. "லூர்தம்மாள்" என்று என் மனைவி பேரைக் கொடுத்தேன். வந்தது வந்தோம், பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பூசை நடக்கட்டுமே என்று, "அன்புச்செல்வன், ஜெயசுதா. இவங்களுக்கும் போட்டுக்கம்மா" என்றேன்.

"சரி தாத்தா."

போன வருஷம் வரைக்கும் அங்கிள்!

நவம்பர் 1, சனி

லூர்து கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பக்கத்துக் கல்லறைகளில் குடும்பம் குடும்பமாக வந்து புல் பிடுங்குகிறார்கள், சிலுவை துடைக்கிறார்கள், பிள்ளைகள் வாளியைக் கவிழ்த்து அடி வாங்குகின்றன. எனக்கு மட்டும் வாளி தூக்க ஆளில்லை. சுருக்கென்றது. எழுதினால் என்ன, சுருக்கென்றுதான் இருந்தது.

இந்தக் குழிக்காகத்தானே எல்லாம். சென்னையில் அன்பு வீட்டில்தான் அவள் உயிர் போனது. "செஞ்சியிலயே வெச்சிடு, நீ வந்து போவ" என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னது சத்தியம். அன்பு ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கூடயே இருந்துர்றேன்னு அம்மா எங்கிட்ட சொல்லிச்சி. நீ பொய் சொல்ற நைனா." அவன் பொய் சொல்கிறான் என்று நானும் சொன்னேன். ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நான் ஆம்புலன்ஸ் பிடித்துக் கொண்டுவந்துவிட்டேன். "இனிமே எனக்கு நைனா இல்ல" என்றான். பாண்டியிலிருந்து வந்த சுதா மண் போட்டுவிட்டு, "ரெண்டு பேர் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன்" என்று போனவள்தான். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இன்றைக்கும் யோசிக்கிறேன். லூர்து என்னிடம் சொன்னாள். அன்பு ஏன் அப்படி ஒரு பொய்யைச் சொன்னான்?

நவம்பர் 2, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில் சாயந்திரப் பூசை. மெழுகுவத்தி, சாம்பிராணி, சாமந்தி. மழை வராமல் மேகம் அப்படியே நின்றது. நானூறு ஐந்நூறு சுடர், மலை கருப்பாகப் பின்னால். பார்த்துக்கொண்டே நின்றேன். மைக்கில் அனு இறந்தவர்கள் பேரை வாசித்தது. "லூர்தம்மாள்..." சிலுவை போட்டேன். "அன்புச்செல்வன், ஜெயசுதா..."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இவர்களுடைய ஆன்மா இளைப்பாற என்று அந்தப் பெண் முடித்தது. சுற்றி நின்ற ஊரே ஒரே குரலில், ஆண்டவரே கேட்டருளும் என்றது. கேட்டருளாதே, கேட்டருளாதே என்று கத்தலாம்போல இருந்தது.

ஃபாதரைப் பிடித்தேன். "இன்னிக்கு உயிரோட இருக்கறவங்களுக்குப் பூசை கெடையாதேங்க பெரியவரே, பேர் குடுக்கறப்ப உங்களுக்குத் தோணலையா?" என்றார். தோன்றவில்லையே! ஞானஸ்நானம் வாங்கி அறுபத்தாறு வருஷமான கத்தோலிக்கனுக்குத் தோன்றவில்லை. அனு தேம்பித் தேம்பி அழுதது. உன் தப்பு இல்லம்மா என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு ஜாஹிதா பேகம் வாசலில் நிற்கிறார். "இன்னாண்ணே, புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சி? தெருவே பேசுது." சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. "நல்லா இருப்பாங்கண்ணே, அல்லா காப்பாத்துவான்" என்று சொல்லிவிட்டு, நான் ஓயும்வரை நின்றுவிட்டுப் போனார்.

ஒருவேளை என் மனசுக்குள் அவர்களைப் புதைத்துவிட்டேனா? இல்லை. இல்லவே இல்லை. அவர்கள் பேர் அந்த மைக்கில் வந்தபோது எனக்கு வந்த பயம் செத்தவர்களுக்காக வருகிற பயம் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

சுதா போன் செய்தாள். சுதா. அவளாக.

"இன்னா நைனா, நாங்க செத்துட்டமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கோவம்னா நேரா திட்டு. அதுக்குன்னு மைக்கு வெச்சி, ஊரைக் கூட்டி, செத்தவங்களோட சேத்துப் படிப்பியா? எம்புள்ள பக்கத்துல உக்காந்து கேக்குது, மம்மி உன் பேரு ஏன் சொல்றாங்கன்னு."

திட்டினாள், திட்டினாள், அப்படித் திட்டினாள். அவள் அம்மாவின் குரல் அப்படியே. உப்பு போட மறந்தால் லூர்து இப்படித்தான் கத்துவாள், பாதியில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன். நின்றுவிடப்போகிறதே என்றுதான் பயம். அவள் ஓய்ந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"போன்ல, நம்ம கோயில் லைவ்ல பாத்தேன்."

"இந்த வருசமா?"

"எல்லா வருசமும்தான். கேமராவ சுத்திக் காட்டுவாங்க இல்ல, அம்மா கல்லறை வரும். நீயும் வருவ. ரொம்ப எளச்சிட்ட நைனா."

எனக்கு யாருமில்லை என்று நான் சுண்ணாம்பு வாளியோடு நின்ற இடத்தில் என் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வருஷாவருஷம்! நான் கேட்டதே இல்லையே ஆண்டவரே, இப்படி ஒன்றைக் கேட்க எனக்குத் தெரியக்கூடத் தெரியாதே. ஒரு பிசகான வாசிப்பை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்கிறீர்! எனக்கு உம்மைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அனு மன்றாட்டில் வாசித்தது: "நல்ல சுகத்தோடு உயிர் வாழும் அன்புச்செல்வன், ஜெயசுதாவுக்காக." கோயிலே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. சத்தமாகக் கேட்டருளும் என்றேன்.

நவம்பர் 22, சனி

சுதா வந்தாள். பேரனை நான் தூக்க முடியவில்லை, அத்தனை வளர்ந்துவிட்டான். அவனே என் மடியில் வந்து உட்கார்ந்தான்.

கல்லறையில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் நைனா" என்றாள்.

"சொல்லும்மா."

"என்னை பாண்டிக்கு எடுத்துக்கினு போ, உன் பக்கத்துல வெச்சிக்கோன்னு அம்மா எங்கிட்ட சொல்லிச்சி."

"உங்கிட்டயுமா?" என்றேன்.

"சத்தியமா. நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கறப்ப நான் எப்பிடி வாயத் தொறப்பேன்? எங்கிட்ட சொன்னத ரெண்டு பேரும் திருடிக்கினீங்கன்னுதான் நெனச்சேன். அதான் கோவம்."

மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறாள்! யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள். பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டாலும் டப்பாவோடு கொடுப்பாள். சாகப்போகிற நேரத்திலும் எதிரே யார் உட்கார்ந்தார்களோ அவர்களிடம் உன்னோடு இருக்கிறேன் என்றிருக்கிறாள். எல்லாரிடமும் மனசாரத்தான் சொல்லியிருப்பாள். அன்பு பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மனுஷியின் நெஞ்சில் இத்தனை இடமா? அத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அதன் அளவு எனக்குத் தெரியவில்லை. ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணங்கிட்ட நான் சொல்றேன்" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

அவனிடம் சொல்லிவிட்டாளாம். ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டானாம்.

டிசம்பர் 12

இன்னும் இல்லை. பரவாயில்லை. அவன் நன்றாக இருக்கட்டும். (பரவாயில்லை என்று எழுதிவிட்டேன். பரவாயில்லாமல் இல்லை.)

டிசம்பர் 23, செவ்வாய்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன். தெரியாத நம்பர்.

"நைனா."

கையிலிருந்த வேட்டி கீழே விழுந்தது.

"திண்டிவனத்துல எறங்குனா செஞ்சிக்கு நேர் பஸ் இருக்குதா?"

அந்த ரோட்டில் என் பஸ்ஸில் ஏறி இறங்கியே வளர்ந்தவன். வீட்டு வாசலில் சொந்தக் கார் நிற்கிறது, சுதா சொல்லியிருக்கிறாள். கேட்க வேறு என்ன இருக்கிறது அவனுக்கு, பாவம்!

"இருக்குதுப்பா. நெறைய இருக்குது."

"நாளைக்கி வரலாம்னு."

"வா. புள்ளைங்கள ஜன்னல் ஓரமா உக்கார வை. எறங்குறப்ப பாத்து எறங்கு."

"சரி நைனா."

வேட்டியை மறுபடி அலசிக் காயப்போட்டேன். அப்புறம் உள்ளே வந்து முழங்கால் போட்டேன். கேட்க ஒன்றும் இல்லை. நன்றி என்றுகூட வாயில் வரவில்லை. அப்படியே இருந்தேன்.