சுவர் மேல் ஒரு ஆன்டெனா

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே அனைவரும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வீடியோவில் பார்த்துவிட்டு அப்பா இளைத்துவிட்டார் என்கிறாள் உங்கள் மகள். எனக்கொன்றும் அப்படித் தெரியவில்லை.

இப்போதெல்லாம் படம் நிற்காமல் வருகிறதே, புது நெட் வாங்கினாயா என்று கேட்டீர்கள். வாங்கவில்லை, ஊரே சேர்ந்து போட்டது. மேட்டு நூலகத்துக்கு வரும் இணைப்பை மாடிக்கு மாடி ஆன்டெனா வைத்துக் கைமாற்றி விடுகிறோம். யாருக்கும் கட்டணம் கிடையாது, கம்பியும் கிடையாது. வெறும் காற்றில் உங்கள் முகம் வருகிறது. மழையில் நனையாதா, காற்றடித்தால் கலையாதா என்று ஆன்டெனா மாட்ட வந்த வயர்மேனிடம் கேட்டேன், சிரிக்கிறார். தினமும் பார்த்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

ஒரு ஆன்டெனாவுக்கு அடுத்தது கண்ணில் பட வேண்டுமாம். நம் மாடியில் வைத்தால், நடுவில் உங்கள் அண்ணன் வீட்டு மாடிச் சுவர் மறைக்கிறது. பாகம் பிரித்த சூட்டில், நம் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று அவர் எழுப்பியதுதான். "அவர் மனசு வெச்சாதான் உண்டுக்கா" என்று வயர்மேன் கையை விரித்துவிட்டார்.

உங்களைக் கேட்காமல் வயர்மேனைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். கோபப்படாதீர்கள். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். வேனைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "தம்பி பேசினா மூஞ்சி தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப சுவத்த இடிச்சிடவா?" என்றார். வயர்மேன்தான் பதறிப்போய்த் தடுத்தார், தெருவிலேயே உயரமான இடம் அதுதானாம். இப்போது ஆன்டெனா அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கீழ்த்தெரு முழுவதற்கும் அங்கிருந்துதான் நெட் போகிறது.

போன வெள்ளிக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே மின்சாரம் போனது. நம் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, உங்கள் அண்ணன் வீட்டில் இல்லை. உங்கள் முகம் அசையாமல் நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்ததே, அதற்குள் அவர் வேன் பேட்டரியைக் கழற்றி, முட்டிவலியோடு மாடிக்குத் தூக்கிப் போய் ஆன்டெனாவுக்கு மாட்டியிருக்கிறார். நாம் பேசி முடிக்கும்வரை கீழே இறங்கவே இல்லையாம். உங்கள் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். அந்த மாடியிலிருந்துதான் பேசுவேன். என் பக்கத்தில் யார் நின்றாலும் அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். அவராக முதலில் பேசமாட்டார். உங்களைப் போலத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி