அமிலமும் ஒரு 'நீ'யும்

என்னங்க,

நீங்க சொல்றதைச் சொல்லிட்டுப் போனை வச்சுட்டீங்க. திரும்பக் கூப்பிட்டா எடுக்கலை. அதான் நம்ம தோட்டத்துக்கு வர்ற போடிமெட்டு ஜீப்புல இதைக் கொடுத்தனுப்புறேன்.

தன் மக பவித்ராவை மகாராணியோட குழுவுல இருந்து மாத்தணும்னு உங்க அண்ணன் ஸ்கூலுக்கே வந்து நின்னாரு. நடந்தது என்னன்னு நீங்களும் கேக்கலை, அவரும் கேக்கலை.

என் கெமிஸ்ட்ரி வகுப்புல பிள்ளைக முதல்ல தனித்தனியா பரீட்சை எழுதும். அப்புறம் அதே கேள்விக்குக் குழுவாப் பேசி ஒரே விடை தரணும். அமிலத்துல தண்ணிய ஊத்தணும்னு பவித்ரா சொன்னா. தண்ணியிலதான் அமிலத்தை ஊத்தணும்னு மகாராணி தன் தாள்ல சரியா எழுதியிருந்தா. ஆனா குழுவுல வாயே திறக்கலை. ஏன்னு கேட்டேன்.

"அவுக ஏலத்தோட்டத்துலதான் எங்கம்மா காய் எடுக்குது. அவுகளை எப்பிடி டீச்சர் மறுத்துப் பேசுறது?"

கூடப் படிக்கிறவளை அவ 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவா.

நான் விடையைத் திருத்திச் சொல்லியும், நேத்து லேபுல பவித்ரா ஏதோ அவசரத்துல அமிலத்துல தண்ணிய ஊத்தப் போயிட்டா. மகாராணி அவ கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. "ஏய், நீ செய்றது தப்பு"ன்னா. ஊத்தியிருந்தா பவித்ரா மூஞ்சியில தெறிச்சிருக்கும்.

உங்க அண்ணனுக்கு அந்த 'நீ'தான் சுட்டிருக்கு.

"என்னை மாத்தாதீங்க சித்தி"ன்னு பவித்ராவே கேட்டுக்கிட்டா. நான் மாத்த மாட்டேன்.

மகாராணி அம்மாவை இனி வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லப் போறேன்னீங்க. கல்யாணமான நாள்ல இருந்து உங்களை நான் மறுத்துப் பேசினதில்லை.

நீங்க செய்றது தப்பு.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டி,
அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சர்