ஒரு சொட்டுகூடக் குடுக்கலை

சிஸ்டர்,

இன்று காலை உப்புச் சர்க்கரைப் பவுடர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். அந்த ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் உதட்டு ரத்தம்தான் கண்ணுக்குள் வந்தது. அதை வரவழைத்தவன் நான்.

பல வருஷத்துக்கு முன்னால், காதுகுத்து வீட்டில் மிஞ்சிய கறிக்குழம்பை மறுநாள் சுட வைக்காமல் சாப்பிட்டாள் என் மனைவி. வாந்தியும் பேதியும் அவளை உலுக்கி எடுத்தன. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எங்கள் தெருவே நம்பியது. அவள் கெஞ்சக் கெஞ்ச, குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு நடவுக்குப் போன மடையன் நான். சுருண்டு விழுந்தாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் உங்கள் வார்டுக்குத் தூக்கிவந்தேன்.

"தண்ணி குடுத்தீங்களா?" என்றீர்கள்.

"காலைலேர்ந்து ஒரு சொட்டுகூடக் குடுக்கலை சிஸ்டர்" என்றேன், பெருமையாக.

"அட பாவி மனுசா! குழம்பு கொல்லலை, நீங்க கொன்னுருவீங்க போலருக்கே."

திட்டிக்கொண்டே இதே பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் ஊட்டினீர்கள். அத்தனையையும் உங்கள் மேலேயே கக்கினாள். கண் செருகியது. நீங்கள்தான் அவளைக் கொல்கிறீர்கள் என்று ஓங்கி அறைந்தேன். பாட்டில் ஸ்டாண்டோடு விழுந்தீர்கள். கன்னத்தில் வயல் சேறு, கிழிந்த உதட்டில் ரத்தம்.

எழுந்தீர்கள். "அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. இப்ப அவங்க கையைப் பிடிங்க, நரம்பு கிடைக்க மாட்டேங்குது."

அறைந்த கையாலேயே பிடித்தேன். மூன்று இடத்தில் குத்தி, நாலாவதில்தான் ஊசி ஏறியது. போலீஸ் வந்தபோது நீங்கள் எதையும் மறைக்கவில்லை. "இவருதான் அடிச்சாரு, கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். ஸ்டேஷனில் எனக்கும் விழுந்தது, சரியாகத்தான் விழுந்தது. திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க எத்தனை முறை வார்டு வாசல்வரை வந்து திரும்பினேன்! போன மாதம் வேளாங்கண்ணி பஸ்ஸிலிருந்து உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். இனி யாரிடம் கேட்பது?

இன்று பேத்திக்கு அதே வாந்தி, பேதி. நான் கரைத்த டம்ளரை மருமகன் தட்டிவிட்டான். "தண்ணி குடுத்தா இன்னும் போகும் மாமா!" பவுடர் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. என் கை தானாக ஓங்கியது. ஓங்கிய கையில் ஸ்பூன் இருந்தது.

"அடிக்கிறது அப்புறம் இருக்கட்டும். இப்ப புள்ளையப் புடி" என்றேன்.

அடுத்த பாக்கெட்டைக் கரைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வரும்வரை ஊட்டினேன், சிஸ்டர். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.