ஒரே பையில் இரண்டு புத்தகங்கள்

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இது அழுகைக் கடிதம் இல்லை, பயப்படாதீர்கள். உங்களோடு சண்டை போடவும் ஒரு நல்ல சேதி சொல்லவும்தான் எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் மையத்துப் பெஞ்சில்தானே நாம் பழகினோம்? இந்த மலையாள ஊரில் நீங்கள் சாலைக் கடைத்தெருவில் ஜவுளி விற்பவர், நான் கரமனையில் தையல்காரி. இருவருக்கும் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம் என்று தெரிந்ததும் அன்றைக்கே என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டீர்கள். கிருமி கண்ணில் படாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் போளியும் பால்பாயசமும் வாங்கித் தருவீர்கள். "ஜெயிச்சிட்டோம் பிள்ளே, தின்னு!" என்பீர்கள். ஒரு வேளை மாத்திரைகூட நீங்கள் தவறவிட்டதில்லை. சிகரெட்டையும்தான்!

ஆனால் நம்மிடம் ஒரு கள்ளத்தனம் இருந்ததே, மறந்துவிட்டீர்களா? ஆளுக்கு இரண்டு பை. ஒன்றில் மையத்துச் சிகிச்சைப் புத்தகம், மற்றதில் பிரஷர் டாக்டரின் புத்தகம். "ரெண்டையும் ஒண்ணா வச்சிராத. எவனாவது பாத்தா தொலைஞ்சோம், கேட்டியா?" என்பீர்கள். பிரஷர் டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றி மூச்சு விடமாட்டீர்கள். மையத்தில் பிரஷர், கொழுப்பு பற்றி வாய் திறக்கமாட்டீர்கள். நானும் அப்படியேதான்.

நெஞ்சு அடைத்த அன்று வாயு என்று நினைத்து, இஞ்சி போட்ட சோடாவைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அண்ணாச்சி. ஒரு டாக்டருக்காவது உங்கள் முழுக்கதையும் தெரிந்திருந்தால் நீங்கள் இன்று இருந்திருப்பீர்களோ?

போன மாதம் மாடிப்படி ஏறும்போது எனக்கும் மூச்சு வாங்கியது. இதய டாக்டரிடம் போனேன். அங்கே நர்ஸ் யார் என்கிறீர்கள்? எங்கள் தெரு லதா! வந்த வழியே திரும்பிவிடலாம் போலிருந்தது. தெருவுக்குத் தெரிந்தால் நாளைக்கு ஒருத்தியாவது என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பாளா? அப்போதுதான் உங்கள் சோடா நினைவுக்கு வந்தது. இரண்டு புத்தகத்தையும் எடுத்து மேஜையில் வைத்து, "டாக்டரே, எனக்கு எச்.ஐ.வி. உண்டு" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "இது ஆத்யமே பறயண்டே சேச்சி?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்கிறார். கிருமி அடங்கினாலும் உடம்புக்குள் அழற்சி கொஞ்சம் கனன்றுகொண்டே இருக்குமாம், ரத்தக்குழாய்களைக் கெடுக்குமாம். அதனால் நமக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகமாம். கொழுப்புக்கான மாத்திரையைக்கூட, மையத்து மருந்தோடு ஒத்துப்போகுமா என்று பார்த்த பிறகே எழுதினார். இப்போது தினமும் நடக்கிறேன், மூச்சும் வாங்குவதில்லை. லதா போன வாரம் இரண்டு பிளவுஸ் துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"வீட்டில் ஆர்க்கெங்கிலும் அட்டாக் வந்நிட்டுண்டோ?" என்று அன்றைக்கு டாக்டர் கேட்டார். வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்கிறார்.

"எங்க அண்ணாச்சிக்கு வந்துது" என்றேன்.

"ஸ்வந்தம் சேட்டனா?" கூடப் பிறந்த அண்ணனா என்று கேட்டார்.

"ரத்த சம்பந்தம் இல்ல டாக்டரே. ஒரே மருந்து சாப்பிட்டோம். அவங்க சொல்லாமலே போயிட்டாங்க."



இனி அந்தப் பெஞ்சில் புதிதாக வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும், இரண்டு புத்தகத்தையும் ஒரே பையில் வையுங்கள் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. உங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டேன், இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அது உங்கள் ரகசியம், உங்களோடே இருக்கட்டும். என் பெயரை எழுதுகிறேன், ஊர் படிக்கட்டும்.

ஒரே பையோடு நடக்கும்
உங்கள் தங்கச்சி,
செல்லம்மாள்