மயிலாத்தாளின் இலையில் ஊற்றிய ரசம்

பொள்ளாச்சி,
12.11.1996

தீமோத்தேயுவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம் பண்ணுகிறேன், இன்று காலையிலும் பண்ணினேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணினேன். வழக்கம்போல கண்ணு என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. உன் தங்கை லில்லிக்கு இது ஏழாம் மாதம், வளையல் போட அடுத்த வாரம் கூட்டி வருகிறோம். மழை நன்றாகப் பெய்து ஆழியாறு நிறைந்து கிடக்கிறது. ஊர்ச் சேதி அவ்வளவுதான், இனி உன் சேதிக்கு வருகிறேன்.

நீ லீவில் வந்திருந்தபோது நம் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்ததே, அன்று அன்பின் விருந்தில் சாப்பிட்ட மயிலாத்தாள் கிணற்றடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள், நினைவிருக்கிறதா? வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். அதற்குப் பிறகு அவள் கோயில் பக்கமே வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன், உடம்பு சரியில்லீங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நேற்று விருந்துச் சமையல்காரர் வேங்கடசாமி நம் அண்டாவைத் திருப்பித் தர வந்தவர், ஏனுங்கம்மா அந்த அக்காளுக்கு இப்பத் தேவலீங்களா, நம்ம மஸ்கட்டுத் தம்பி சொன்னாருன்னுதானுங்க கறிக்கொழம்புச் சாத்தை அவிய ரசத்துல ஊத்துனேன், வெளையாட்டுக்குன்னு நெனச்சுப்போட்டேன் என்றார். அட பாவி!

அப்பாவை உட்காரவைத்துக் கேட்டதில் உன் பெருமை முழுக்க வெளியே வந்தது. அது புரட்டாசி மாதம், அவள் கறி தொடாததைப் பார்த்துவிட்டு, நம் சபைக்கு வந்த பிறகும் இன்னும் காரமடை ரங்கநாதருக்கு விரதம் இருக்கிறாள், அந்தக் கட்டை அறுத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினாயாமே. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவளிடம் போய், கறி உள்ளே போய்விட்டது, ஒன்றும் ஆகவில்லை பாருங்கள், இனி உங்களுக்கு விடுதலை என்று சிரித்தாயாமே. உன் அப்பா இதைத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அவருக்கும் நன்றாகக் கிடைத்தது என்னிடம்.

உனக்கு யாரடா அந்த வேலையைக் கொடுத்தது? லெந்து உபவாச நாட்கள் முழுக்க உன் அப்பா காபியைத் தொடுவதில்லை, நாம் யாராவது அவர் கஞ்சியில் டிகாக்‌ஷனை ஊற்றினோமா? நீ சினிமா பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறாய், உன் கையைக் காலைக் கட்டிக் கொட்டகையில் உட்காரவைத்தோமா? உன் வைராக்கியம் பக்தி, அவளுடையது மூடத்தனமா? கறி இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு இறங்காது. அதற்காக ஒரு நாளும் அவள் என்னை ஏன் என்று கேட்டதில்லை. நாம் ஒருவராவது அவளை உட்காரவைத்து, ஏன் சாப்பிடுவதில்லை என்று மரியாதையாகக் கேட்டோமா?

நேற்றுச் சாயங்காலமே போய் நான் கேட்டேன். புரட்டாசியும் இல்லை, ரங்கநாதரும் இல்லை. ஆனைமலையில் அவள் பிறந்த வீட்டில் கறி என்றால் சாமிக்கு வெட்டிய கிடாதான், கடையில் வாங்கிச் சமைக்கிற பழக்கமே கிடையாதாம். ஞானஸ்நானம் எடுத்த அன்று அதை விட்டிருக்கிறாள். பொறந்த ஊட்டுச் சனத்தை நான் கொறையாச் சொல்லலீங்க, அது அவிய சாமி, எனக்கு இப்ப ஏசப்பா, ரெண்டு எடத்துல கை நனைக்க மாட்டேனுங்க என்றாள். புரிகிறதா உனக்கு? எதைவிட்டு அவள் வந்தாளோ அதைத்தான் நம் விருந்தில் வைத்து அவள் வாயில் திணித்திருக்கிறாய். இந்தக் கோயிலுக்கு வந்ததற்காகக் கூடப் பிறந்தவன் தம்பிதுரை அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான், புருஷனும் இல்லை, அவளுக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உனக்காக நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். உங்க பையன் மேல கோவமில்லீங்கக்கா, ஆனா இனி அங்க எதப் போட்டாலும் மோந்து பாத்துத்தான் திங்கோணும், ராப்போசனத் திராட்சரசப் பாத்திரத்தை நம்ம சபை ஐயர் நீட்டுனாக்கூட மோந்து பாத்துப்போடுவனோன்னு பயமா இருக்குதுங்க, அதுக்குத்தான் வாரதில்லை என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

கடிதத்தில் மன்னிப்பு எழுதி அனுப்பாதே. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்டமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயே, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவள் வீட்டுக்குப் போ. அவள் எதைப் போட்டாலும் உட்கார்ந்து சாப்பிடு. போடாவிட்டால் பசியோடு வாசலில் நில். சபைக்கு வாங்க என்று மட்டும் நீ கூப்பிடாதே, அதைக் கேட்கிற யோக்கியதை உனக்கு இன்னும் வரவில்லை.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள், ராத்திரி ஜெபத்தை விடாதே, லில்லிக்காக வேண்டிக்கொள். கர்த்தர் உன்னைக் காப்பாராக, உனக்குப் புத்தியும் தருவாராக. அவள் இல்லாத பந்தியில் நானும் இனி உட்காருவதில்லை என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரூபி கனகம்