முறைப்பாட்டுக்காரர் நேரிலை வரவேணுமாம்

என்ரை அன்பான அண்ணைக்கு,

போன இடத்திலையாவது விசிலைக் கீழை வைச்சிட்டு ஆறுதலா இருக்கிறியளோ? நான் ஆறுதலா இல்லை. எனக்கு உங்களிலைதான் கோபம். செத்த மனிசரோடை கோவிக்கக் கூடாது எண்டு அயலுக்கை சொல்லுகினம். சொல்லிப்போட்டுப் போகட்டும்.

விசயம் ரூபனைப் பற்றினது. உங்களுக்கு அடிச்ச அதே ரூபன்தான். பண்டத்தரிப்பிலை ஆரைக் கேட்டாலும் அந்தக் கதை தெரியும். எங்கடை கழகத்துக் கரப்பந்து இறுதி ஆட்டம், கடைசிப் புள்ளி, அவன் அடிச்ச பந்து வெளியிலை எண்டு நீங்கள் ஊதினியள். அவன் நீங்கள் நிண்ட ஏணியிலை ஏறி வந்து கன்னத்திலை அறைஞ்சான். கண்ணாடி உடைஞ்சுது. நீங்கள் முறைப்பாடு எழுதிக் குடுத்தியள், கழகம் தடை போட்டுது. அதிலை எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நடுவரிலை கை வைச்சவனைச் சும்மா விடேலாது.

ஆனால் அண்ணை, எத்தினை வருசத்துக்கு?

அவனுக்கு இப்ப தலை நரைக்கத் துவங்கீட்டுது. மேசன் வேலை செய்யிறான். அவன்ரை மகள் எங்கடை பெண்பிள்ளையளின்ரை அணியிலை விளையாடுறாள், அடி அப்பிடியே தேப்பன்ரை அடி. அந்தப் பிள்ளையளுக்குப் பழக்கிவிட ஒரு ஆள் இல்லை. நான் பழக்கிறன் எண்டு ரூபன் ரண்டு தரம் கேட்டிட்டான். தடை இருக்கிறவன் மைதானத்துக்குள்ளை கால் வைக்கேலாதாம். அதாலை வேலிக்கு வெளியிலை மோட்டச்சைக்கிளிலை இருந்துகொண்டு, முழங்காலை மடி பிள்ளை எண்டு கத்துவான். போன கிழமை அதுக்கும் ஒரு கடிதம் போச்சுது, வெளியிலை நிண்டு சத்தம் போடக்கூடாது எண்டு.

நான் தலைவரிட்டைப் போனன். அவர் லாச்சியைத் திறந்து கழகத்து யாப்பை, அதுதான் சட்டப் புத்தகத்தை, எடுத்து மேசையிலை வைச்சார். முறைப்பாடு செய்தவர் பொதுக்கூட்டத்துக்கு நேரிலை வந்து அதை மீளப் பெற்றால்தான் தடை நீங்குமாம். கடிதம் செல்லாதாம். செத்துப்போன மனிசன் என்னெண்டு வாறது எண்டு கேட்டன்.

"அதுக்கு நான் என்ன செய்ய, தங்கச்சி? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

உந்தச் சட்டத்தை எழுதினது ஆர்? நீங்கள்தான். தடைபட்டவங்கள் நடுவர்மாரின்ரை வீட்டை போய் வெருட்டி, முறைப்பாட்டை விடுறன் எண்டு கடிதம் வாங்கிறாங்கள் எண்டு, அந்த வரியைப் போட்டது நீங்கள். உங்கடை எழுத்து வடிவாத் தெரியுது. நல்ல மனசோடைதான் எழுதினியள், ஓம். ஆனால் மனிசர் சாகிறவை எண்டது உங்களுக்கு ஞாபகம் வரேல்லையே?

எல்லாருக்கும் ஒண்டாம். தலைவற்றை மகன் ஆற்றையோ பிறப்புச் சான்றிதழைக் காட்டி, வயதைக் குறைச்சு விளையாடிப் பிடிபட்டவன். அவனுக்கும் தடைதான் போட்டது. தெரியாமல் செய்திட்டான் எண்டு ஒரு மாதத்திலை எடுத்தாச்சு. எந்த யாப்பின்படி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப கழகத்திலை ஒழுக்கத்துக்குப் பொறுப்பு அந்த மகனார்தான். சிரிக்கிறதோ அழுகிறதோ சொல்லுங்கோ.

சோதினையிலை தவறின பிள்ளை திரும்ப எழுதலாம். நீதவான் மறியலுக்கு அனுப்பினாலும் வெளியிலை வர ஒரு திகதி இருக்கு. சேர்விஸை வலையிலை அடிச்சவனுக்கும் சுத்தி வரேக்கை திரும்பப் பந்தைக் குடுக்கினம். ரூபனுக்கு மட்டும் சாகுமட்டும். செத்தது நீங்கள், தண்டனை அவனுக்கு.

ஊருக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும். நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை அவன் தோடம்பழத்தோடை வந்தவன். கட்டில் காலடியிலை நிண்டு அழுதான். நீங்கள் அவனைப் பிடிச்சு இருத்திப்போட்டுச் சொன்னது எனக்கு அச்சொட்டா ஞாபகம்.

"அடிச்சது உன்ரை பிழை. பந்து உள்ளைதான் விழுந்தது, அது என்ரை பிழை. எழும்பின உடனை கூட்டத்திலை வந்து ரண்டையும் சொல்லுறன்."

நீங்கள் எழும்பேல்லை.

ஏன் அண்ணை அதை முதலே சொல்லேல்லை? அவ்வளவு நியாயம் கதைச்ச மனிசன், ஒரு பந்தை ஒத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டியிருந்ததோ? நினைக்க நினைக்க எனக்கு அழுகையும் வருது, ஆத்திரமும் வருது.

வருசா வருசம் உங்கடை பேரிலை நினைவுக் கிண்ணப் போட்டி நடக்குது. என்னட்டை உங்கடை படத்தை வாங்கிக்கொண்டு போய், வலைக்குப் பக்கத்திலை கதிரையிலை வைச்சு, பிரதம விருந்தினருக்கு முதல் உங்களுக்குத்தான் மாலை போடுகினம். அண்ணை எங்களை விட்டுப் போகேல்லை, இண்டைக்கும் இந்தக் கதிரையிலை எங்களோடைதான் இருக்கிறார் எண்டு தலைவர் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு பேசுவார். போன முறை நானும் கைதட்டினன், விசரி.

வாற ஞாயிறு பின்னேரம் பொதுக்கூட்டம். உங்களைச் சுவரிலை இருந்து கழட்டித் துடைச்சு வைச்சிருக்கிறன். முன்வரிசையிலை, தலைவருக்கு நேரை, ஒரு கதிரையிலை இருத்துவன். பந்து உள்ளை விழுந்த கதையை உங்களுக்குப் பக்கத்திலை நிண்டு நான் சொல்லுவன். உங்களுக்கு அது வெக்கமா இருந்தால் இருக்கட்டும். முறைப்பாட்டுக்காரர் நேரிலை சமுகமளிச்சார் எண்டு கூட்டக் குறிப்பிலை எழுதச் சொல்லுவன்.

நீங்கள் வரேல்லை எண்டு தலைவர் சொன்னால், இனி ஒரு போட்டிக்கும் அந்தப் படம் என்ரை வீட்டுப் படலை தாண்டாது. இது சத்தியம்.

ஞாயிறு வெளிக்கிட்டு நில்லுங்கோ, அண்ணை. இந்த முறையாவது சொன்ன சொல்லுக்கு வாங்கோ.

உங்களோடை இன்னும் கோபம் ஆறாத தங்கச்சி,
பவா