கண்காட்சியில் ஒரு சமையலறை

கென்ட்,
வியாழன் மாலை

அன்புள்ள மார்லேனுக்கு,

யோரிஸ் எழுதுகிறேன். அடுத்த படைப்புக்காகப் போன இடத்தில் ஐஸ்லாந்துக் குளிர் உன் நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க வேண்டும். நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாம், ஆனால் நீ நம்ப மாட்டாய். தொலைபேசியில் பேசினால் உன் பக்கம் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மறுபடி மக்கர் செய்கிறது. என் பட்டறையில் பல்செட் வேலை மலைபோல் தேங்கிவிட்டது. பல் இல்லாதவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே கஞ்சி குடிக்கிறார்கள். மாமாவைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த பெண் முதுகு பிடித்துக்கொண்டதென்று நின்றுவிட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். நினைவிருக்கிறது. ஆனால் யாரிடம் விட்டுப் போவது? நானும் போகாமல் இருந்தால், மனைவியின் படைப்பைப் பார்க்கப் புருஷன்கூட வரவில்லை என்று ஊர் பேசும். ஆகவே இரண்டு பேரும் டிராம் ஏறிப் போனோம்.

எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது நன்றாக இருந்தது என்றேன். உள்ளதைச் சொல்கிறேன். ஐரோப்பாவின் நாலா மூலையிலிருந்தும் இருபதுக்கு மேற்பட்ட கலைஞர்கள். முதல் அறையில் எஸ்தோனியாக்காரர் ஒருவரின் பனிக்கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. காலை நனைக்காமல் தாண்ட முடியவில்லை. அடுத்ததில் யாரோ ஒரு போர்த்துக்கீசியப் பெண் திரையில் தலைமுடி அலசிக்கொண்டே இருந்தாள். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ தண்ணிய வீணாக்குறாளே, கேக்க ஆளில்லையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அன்று வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

மூன்றாவது அறை உன்னுடையது. உன் அம்மாவின் சமையலறை. அம்மா போனபின் வீட்டை விற்றபோது நீ கழற்றிக்கொண்டு போனது கலைக்காக என்று தெரியும். ஆனால் மேசை, அடுப்பு, நீலத் திரை, கதவு, கதவுப் பக்கத்து ஆணிவரை எல்லாம் அப்படியே இருக்கும் என்று நான் எண்ணவில்லை. எனக்கே அடுப்பில் ஏதோ வேகிற மாதிரி இருந்தது.

அங்கே கயிறும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும். கோட்டைத் தாண்டக் கூடாது என்று கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். மாமா தாண்டினார். தொப்பியை ஆணியில் மாட்டினார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "சும்மா நிக்காதீங்க, கதவச் சாத்துங்க, குளிர் உள்ள வருது" என்றார். ஒருவர் பணிவாக வந்து சாத்தினார்.

அவரும் படைப்பில் சேர்ந்தவர் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத மாதிரி நின்று பார்த்தார்கள். காவலுக்கு இருக்கும் ரீட்டா மட்டும் ஓடிவந்து, "ஐயா, எந்திரிங்க, இதுல உக்காரக் கூடாது" என்றாள். அவர், "என் வீட்டுல நான் உக்காரக் கூடாதா? நீ யாரும்மா, மாடிக்குக் குடிவந்தவளா?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் அமைப்பாளர் ஹில்டா என் கையைப் பிடித்துவிட்டாள். "விட்டுடுங்க யோரிஸ், அவர் இருக்கட்டும். படைப்பு இப்பத்தான் முழுசாகியிருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை. அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பத்திரிகையில் படம் வந்தது. நீ அழைத்து, அப்பா தினமும் வரட்டும் என்றாய். அன்றும் சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்குக் கோபம் மார்லேன். இப்போதும் இருக்கிறது.

ஆனாலும் தினமும் கூட்டிப்போகிறேன். காரணம் உன் கலை இல்லை, சூப். இங்கே வீட்டில் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காத மனிதர், அந்த மேசையில் உட்கார்ந்தால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறார். ரொட்டியையும் தொட்டுத் தின்கிறார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. காலையில் சூப் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி, டிராமில் கூட்டிப்போய், மூடும்வரை மூலையில் உட்கார்ந்து, பிறகு வீட்டில் அவரைத் தூங்கவைத்துவிட்டுப் பட்டறையில் உட்காருகிறேன். ரீட்டா எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். "நீங்கதான்யா முதல்ல விழப்போறீங்க" என்கிறாள். விழுந்தால் என்னைச் சுற்றியும் கோடு போட்டு வைத்துவிடுவார்கள் என்றேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பிற்பகலில் கல்லூரி மாணவி மாதிரி ஒரு பெண் வந்தாள். உன்னைப்போல் குட்டை முடி. மாமா அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வந்துட்டியா கண்ணு? எவ்ளோ நேரமாச்சு! உக்காரு, சூப்பு ஆறிடப்போகுது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தாள். மாமா தன் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "மெதுவா குடி. அம்மா தூங்குறா, எழுப்பிடாத" என்றார். அவள் குடித்தாள். குடிக்கும்போதே அழுதாள். பிறகு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து கோட்டைத் தாண்டி வந்தாள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மாமா அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "எதுக்குக் கை தட்டுறாங்க? அவ போயிட்டாளே" என்றார். அதற்குப் பதில் உனக்குத் தெரியுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிகிறது. திங்கட்கிழமை ஆட்கள் வந்து சமையலறையைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து வியன்னாவுக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கேயும் உனக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும், மனதார எழுதுகிறேன். ஆனால் ஞாயிறு மாலை அவரை அந்த நாற்காலியிலிருந்து கடைசி முறையாக எழுப்ப வேண்டும். மற்ற நாள்களில் நாளைக்கு வரலாம் என்று சொல்லி எழுப்புகிறேன். அன்று என்ன சொல்வேன்? அவருடைய வீட்டிலிருந்து அவரை இரண்டாம் முறை வெளியேற்ற என்னால் ஆகாது.

இது அவருக்காக மட்டும் என்று எழுதினால் பொய். எனக்காகவும்தான். நான் களைத்துவிட்டேன். தனியாக முடியவில்லை.

ஞாயிறு காலை விமானம் ஒன்று இருக்கிறது. வந்து, கேமரா எதுவும் இல்லாமல், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு "வாப்பா, போகலாம்" என்று நீ சொன்னால் எழுந்து வந்துவிடுவார். எனக்கு அது உறுதி. இன்று மாலை போகலாம் என்று நான்தான் அவரை அழைத்தேன். அவர் என்னை யாரோ என்று நினைத்து, என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ முன்னால போ தம்பி. எம் பொண்ணு வந்து கூட்டிப்போவா" என்றார்.

கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டு சேர்க்கட்டும்.

உன்,
யோரிஸ்